தாழிக்குள் ரேஷன் அரிசி

என்னைப் பெத்த மகராசிக்கு,

நல்லா இருக்கியாம்மா? போய்ச் சேர்ந்தவங்களை இப்படிக் கேக்கலாமான்னு தெரியல. ஆனா கடுதாசி எழுத உக்காந்தா வேற எப்படித் தொடங்குறதுன்னும் தெரியல. உனக்குப் படிக்கத் தெரியாது. நம்ம ஊர் கௌதள்ளியில இருந்து கடுதாசி வந்தா நான்தான் படிச்சுச் சொல்லுவேன். இப்ப எழுதுறதே நான், படிச்சுச் சொல்ல ஆள் வேணுமில்ல? அதனாலதான் நாலு பேர் பாக்குற எடத்துல எழுதுறேன். யாராவது ஒருத்தர் சத்தமாப் படிச்சா உன் காதுல விழும்னு ஒரு நம்பிக்கை.

முதல்ல மன்னிப்புக் கேட்டுக்கறேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உன் தலைமேல என் கையை வெச்சுச் சத்தியம் வாங்குன பாரு, அந்த விஷயத்தைச் சொல்லிட்டேன். முப்பது வருஷமா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தவ, போன மாசம் ஒருநாள் காலையில எல்லாத்தையும் கொட்டிட்டேன். உடனே "அடி நாசமாப் போறவளே"ன்னு ஆரம்பிக்காதே. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் திட்டு.

நஞ்சன்கூட்டுக் கம்பெனி வேலையை விட்டுட்டேன். பேக்கிங்ல நின்னு நின்னு முட்டி தேஞ்சுபோச்சு. வாலண்டரி ரிட்டயர்மென்ட் குடுக்கறோம்னாங்க, வாங்கிக்கிட்டு வந்துட்டேன். ரெண்டு மாசம் வீட்டுல உக்காந்து டிவி பாத்தேன், பைத்தியம் பிடிக்காத குறைதான். உன் பேத்தி நித்யா பி.எட். படிக்கிறா. நான் தமிழ்ல கேட்டா அவ கன்னடத்துலதான் பதில் சொல்லுவா, அது மாறல. அவதான் ஒருநாள் போனை நீட்டினா. "மைசூருக்கு வெளியே கல்வட்டம் இருக்குற மேட்டுல பழங்காலத்துப் பொருளெல்லாம் தோண்டி எடுக்கறாங்களாம். அக்கம்பக்கத்து ஜனங்க யார் வேணா போய் ஒத்தாசை பண்ணலாமாம். நீ போம்மா, மண்ணு வேலை உனக்குத் தெரிஞ்சதுதானே" அப்படின்னா.

போட்டோவைப் பாத்தேன். சுத்தி வீடும் லேஅவுட்டும் வந்திருந்தாலும் அந்தக் கல்லுங்களை எனக்குத் தெரியாதா? அங்கேதானே தண்ணி பைப் போடக் காவா தோண்டுனோம். நீ, நான், இன்னும் இருபது சனம். எனக்கு அப்பப் பத்தொம்பது வயசு.

உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன். மத்தியானச் சோத்துக்கு உக்காரப் போற நேரம். கடப்பாரை "டங்"குன்னு பட்டுது, முட்டி உயரத்துக்கு ஒரு தாழி. வாய் மூணு விரக்கடை உடைஞ்சு போச்சு. ஆம்பளைங்க புதையல்னு ஓடி வந்தாங்க, உள்ள எலும்பைப் பாத்ததும் எட்டிப் போனாங்க. மேஸ்திரி, "உடைச்சு மண்ணோட மண்ணாத் தள்ளுங்க, விஷயம் வெளிய போனா வேலை நின்னுடும்"னான். அதுவரைக்கும் மேஸ்திரி முன்னால நீ நிமிந்து பேசி நான் பாத்ததில்ல. "யாரு பெத்த புள்ளையோ, ஒடைக்கறதுக்கு ஒனக்கு என்ன உரிமைங்கறேன்?"னு கேட்டுட்டியேம்மா! அவன் அசந்துட்டான்.

எல்லாரும் சாப்பிடப் போன பொறவு, நீயும் நானும் சாக்கை விரிச்சு அந்தத் தாழியை இழுத்துக்கிட்டே போனோம். ஐம்பது அறுபது அடி தள்ளி ஒரு புங்க மரம். அதும்பக்கத்துல குழி வெட்டி இறக்குனோம். நீ கொட்டாய்க்குப் போய் ஒரு பிடி ரேஷன் அரிசியும் கற்பூரமும் கொண்டு வந்த. வாய்க்கரிசி போடணும்ன. ஆனா உள்ள எல்லாம் துண்டு துண்டா இருந்துது. "வாய் எங்கன்னு தெரியலயே கண்ணு"ன்னு நீ தடவித் தடவிப் பாத்தது இன்னும் என் கண்ணுல நிக்குது. கடைசியில தாழிக்குள்ள இருந்த சின்னக் கலயத்துல அரிசியைப் போட்ட. என்னைக் கற்பூரம் கொளுத்தச் சொன்ன. கல்லு மேல வெச்சுக் கொளுத்தாம, கூறுகெட்டவ, நான் அரிசி மேலயே வெச்சுக் கொளுத்திட்டேன். பாதி அரிசி கருகிப் போச்சு. "அரிசியத் தீச்சுப்புட்டியேடி, அவுங்க எப்படித் திம்பாங்க?"ன்னு தலையில ஒரு குட்டு வெச்ச. அப்புறம் கலயத்து மேல பலகைக்கல்லை வெச்சு மூடி மண்ணைத் தள்ளுனோம். புதையல் எடுத்தோம்னு எவனாவது போலீசுக்குப் போயிடுவான்னு பயந்து அப்பத்தான் சத்தியம் வாங்குன.

இதெல்லாம் நெஞ்சுக்குள்ள கெடந்துதே தவிர, தெனமும் நெனைச்சேன்னு சொல்ல மாட்டேன். கொரோனா வருஷத்துக்கு அப்புறந்தான் அடிக்கடி நெனைச்சேன். உன்னை ஆஸ்பத்திரியில இருந்து பைக்குள்ள வெச்சு மூடித்தான் கொண்டு வந்தாங்க. தூரத்துல நில்லுங்கன்னாங்க, நின்னோம். அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல, காலம் அப்படி. நான் முந்தானையில ஒரு பிடி அரிசி முடிஞ்சு வெச்சிருந்தேன். போட முடியல. வீட்டுக்கு வந்து அதை என்ன பண்றதுன்னு தெரியாம அரிசி டப்பாவுலயே கொட்டிட்டேன். மறுநாள் அதைத்தான் சோறாக்கித் தின்னோம். சண்டை போடறப்பெல்லாம் "எனக்கு வாய்க்கரிசி போட்டுட்டுத்தான்டி நீ அடங்குவ"ம்பியே, அதைக்கூட நான் உருப்படியாச் செய்யல.

சரி, தோண்டுற எடத்துக்கு வர்றேன். எதுக்குப் போனேன்னு கேட்டா, பாக்கத்தான் போனேன். புங்க மரம் இல்ல. வெட்டி எத்தனை வருஷமாச்சோ. எந்த எடம்னு எனக்கே பிடிபடல. அவங்க ஆணி அடிச்சு நூல் கட்டி, கட்டம் கட்டமாப் பிரிச்சு வெச்சிருந்தாங்க. பொறுப்பு ஒரு பொம்பளைப் புள்ளை, சுமா மேடம். நித்யாவை விடப் பத்து வயசு மூத்தவங்களா இருப்பாங்க. அந்த மேட்டைத் தோண்ட அனுமதி வாங்க வருஷக்கணக்கா ஆபீஸ் ஆபீஸா நடந்திருக்காங்க.

என் கையில கொத்துக்கரண்டியும் பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷும் குடுத்தாங்க. நான் சும்மா இருப்பேனா? சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஒரு மணி நேரத்துல நாலு சட்டி மண்ணு எடுத்துட்டேன். சுமா மேடம் தலையில கையை வெச்சுக்கிட்டு ஓடி வந்தாங்க. "நிதானா, நிதானா! தோண்டாதீங்கம்மா, சுரண்டுங்க!" உன் காலத்துல சீக்கிரம் தோண்டுனாத்தான் நல்ல ஆளு. இங்க ஒரு நாள் முழுக்க விரக்கடை ஆழம் போனாத்தான் நல்ல ஆளாம். நீ வந்திருந்தா மத்தியானத்துக்குள்ள உன்னைத் துரத்தி விட்டிருப்பாங்க.

பத்துப் பன்னெண்டு நாள் போச்சு. எனக்குப் பிடிச்சுப் போச்சும்மா. ஒரு பானை ஓடு கிடைச்சா உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் செவப்பு, தொட்டா வழவழன்னு இருக்கும். எவ கை பட்டதோன்னு தோணும். அப்பத்தான் ஒருநாள் பக்கத்துக் கட்டத்துல ஒரு தாழியோட விளிம்பு தெரிஞ்சுது. எட்டிப் பாத்தேன். மூணு விரக்கடை உடைஞ்ச வாய்.

மேடம் குனிஞ்சு பாத்து, "மண்ணு கலைஞ்ச மாதிரி இருக்கு. வேர் இருக்கு பாருங்க, இங்க ஏதோ மரம் இருந்திருக்கு, அது கலைச்சிருக்கும்"னாங்க. புங்க மரம் மேடம்னு தொண்டை வரைக்கும் வந்துது. முழுங்கிட்டேன். சத்தியம் பண்ணினவளாச்சே.

கலயத்தை எடுத்தாங்க. அதுக்குள்ள இருந்த மண்ணை வாளித் தண்ணியில மெதுவாக் கரைக்கணும். மண்ணு அடியில தங்கிடும், கரி, விதை மாதிரி லேசானதெல்லாம் மேல மிதக்கும், அதை மெல்லிசுத் துணியில அள்ளணும். "அரிசி களையுற கை வேணும், சரசம்மா செய்யட்டும்"னு என்னைத்தான் கூப்பிட்டாங்க மேடம். சாமி எனக்கு இப்படியா வெளையாட்டுக் காட்டணும்?

மிதந்துதும்மா. முதல்ல ரெண்டு, அப்புறம் ஏழெட்டு, அப்புறம் ஒரு கைக்குள்ள அடங்குற அளவுக்கு. கறுகறுன்னு, மொறமொறன்னு. நான் தீச்ச அரிசி. நீ போட்ட அரிசி. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "அக்கி! இது அரிசி!"ன்னு மேடம் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. அந்தக் காலத்துல இந்தப் பக்கமெல்லாம் ராகி, கொள்ளுதான் இருந்திருக்கும்னு நினைச்சாங்களாம். செத்தவங்களுக்கு அரிசி வெச்சுப் பொதைச்சிருந்தா அது பெரிய சங்கதியாம். அப்பவே அவங்க புரொபசருக்குப் போன் போட்டாங்க, பாவம். நாளைக்கே லேபுக்கு அனுப்பி வயசு பாக்கணும்னாங்க.

ஐயோ அம்மா, அது ரேஷன் அரிசிம்மா! வண்டு விழுந்த அரிசி!

நான் ஒரு தப்புப் பண்ணினேன். துணியில இருந்து அள்ளும்போது ஒரு மணி என் விரல் இடுக்குல ஒட்டியிருந்துது. உதறல. கையை மூடிக்கிட்டேன். அப்புறம் பேப்பர்த் துண்டுல மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். திருடணும்னு இல்லம்மா. உன் கை பட்டது உலகத்துல வேற எதுவும் என்கிட்ட இல்லயே. உன் சேலையெல்லாம்கூட அப்ப எரிக்கச் சொல்லிட்டாங்க.

வீட்டுக்கு வந்தா நித்யா தலைகால் புரியாம ஆடுறா. "எங்க அம்மா கண்டுபிடிச்சது"ன்னு ஸ்டேட்டஸ் போட்டிருக்கா. நான் மெதுவாக் கேட்டேன், லேபுல எப்படி வயசு பாப்பாங்கன்னு. "அதெல்லாம் கரெக்டாச் சொல்லிடுவாங்க, ஏமாத்தவே முடியாது. பேர் வாங்கணும்னு சில பேர் புதுசா எதையாவது கொண்டு வந்து போடுவாங்களாம். மாட்டினா அவ்வளவுதான், அப்புறம் யாரும் அவங்களை நம்பவே மாட்டாங்க"ன்னா. நான் சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சுட்டேன்.

அந்தப் புள்ளை மாட்டிக்குமே அம்மா? வருஷக்கணக்கா நடந்த புள்ளை. என் வாயைத் திறந்தா உன் சத்தியம் போகும், உன்னைக் குத்தவாளி ஆக்கிடுவாங்களோன்னு பயம். திறக்காட்டி அவங்க மானம் போகும். நீ இருந்தா என்ன பண்ணியிருப்ப? உயிரோட இருக்குற மேஸ்திரியையே எதுத்தவ நீ, செத்தவ தலைமேல பண்ணுன சத்தியத்துக்காக ஒரு புள்ளையைக் கைவிடுன்னா சொல்லியிருப்ப? இல்லைன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். தப்பா இருந்தா வந்து சொல்லு.

விடிஞ்சதும் முதல் பஸ். மேடம் அரிசி டப்பாவுக்கு லேபிள் எழுதிக்கிட்டு இருந்தாங்க. நான் முடிச்சை அவிழ்த்து அந்த ஒத்தை மணியை மேசை மேல வெச்சேன். அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். கடப்பாரை, சாக்கு, புங்க மரம், கற்பூரம், நீ வெச்ச குட்டு, ஒண்ணு விடல.

மேடம் லேபிளைக் கீழ வெச்சாங்க. முகம் வெளுத்துப் போச்சு. "யாகம்மா, நென்னே யாகே ஹேளில்ல?" அப்படின்னு கேட்டாங்க. நேத்தே ஏன் சொல்லலைன்னு. எந்திரிச்சுப் போய் மண்மேட்டுல அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டாங்க. அழுதாங்கன்னுதான் நினைக்கிறேன். புரொபசருக்குப் போன் போட்டு இல்லைன்னு சொல்லணுமே.

ரெண்டு நாள் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. என்னைச் சுரண்டுற வேலையில இருந்து எடுத்து மண்ணு சுமக்க விட்டாங்க. சுமந்தேன். எனக்கு என்ன அது புதுசா? முட்டிதான் கத்துச்சு. வர வேண்டாம்னு சொல்லிடுவாங்களோன்னு ஒவ்வொரு நாளும் பயந்துக்கிட்டேதான் போனேன்.

மூணாம் நாள் அவங்களே வந்தாங்க. "தாழி முதல்ல எங்க இருந்துது? காட்ட முடியுமா?" பைப் லைன் மேல இப்ப சிமெண்ட் தொட்டி வந்திருக்கு, அதை வெச்சு அடையாளம் சொன்னேன். இந்தக் கல்லுல இருந்து இத்தனை அடி, தாழி எந்தப் பக்கம் சாஞ்சிருந்துது, கூட வேற என்ன இருந்துது, கேட்டுக் கேட்டு நோட்டுல எழுதுனாங்க. கேள்வி தீரவே இல்ல. அடுத்த வருஷம் அங்க ஒரு கட்டம் போட்டுப் பாக்கணும்னாங்க. அப்புறம் பேனாவை மூடிட்டுக் கேட்டாங்க, "உங்கம்மா எதுக்கு அவ்வளவு கஷ்டப்பட்டாங்க? ஒடைச்சிருந்தா யாருக்குத் தெரியும்?"

"சோறு தண்ணி இல்லாம ஒருத்தரை அனுப்பக் கூடாதுன்னுதான் மேடம்"னு சொன்னேன். சொல்லும்போதே உன்னை வெறுங்கையா அனுப்புனது ஞாபகம் வந்து உடைஞ்சுட்டேன். ஆஸ்பத்திரிக் கதையையும் சொன்னேன். அந்தப் புள்ளை என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துது. உன் பேரைக் கேட்டு எழுதிக்கிட்டாங்கம்மா. "இரண்டாம் முறை அடக்கம் செய்தவர்: பழனியம்மா, கட்டட வேலை செய்பவர், கௌதள்ளி." கன்னடத்துல எழுதி எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க. உன்னைக் குத்தவாளின்னு யாரும் எழுதல.

போன வாரம் இந்த வருஷத்துத் தோண்டுற சீசன் முடிஞ்சுது. தாழி, எலும்பு, கலயம் எல்லாத்தையும் பொறுப்பாப் பஞ்சு வெச்சுப் பெட்டியில கொண்டு போயிட்டாங்க. கருகுன அரிசியும் போயிடுச்சு, அந்த ஒத்தை மணியோட. வெறும் குழிதான் பாக்கி, அதையும் மூடணும். மூடுறதுக்கு முன்னால அவங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கும்மா. அடியில பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சு அது மேல இந்த வருஷத்துக் காசு ஒண்ணு வைப்பாங்க. நூறு வருஷம் கழிச்சு எவனாவது தோண்டுனா, இதுவரைக்கும் ஏற்கெனவே தோண்டியாச்சுன்னு தெரியணுமாம், ஏமாந்துடக் கூடாதாம். நம்ம பக்கம் போறவங்க நெத்தியில காசு வைப்போமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்துது.

மேடம் காசை என் கையில குடுத்து, "நீங்களே வைங்க"ன்னாங்க. வெச்சேன். எந்திரிக்கல. அவங்க பையில இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாங்க. பச்சரிசி. அவங்க வீட்டுல இருந்து கொண்டு வந்திருக்காங்க. "அக்கி ஹாகி, அரிசி போடுங்கம்மா. நான் எழுதிக்கறேன், யாரும் ஏமாற மாட்டாங்க."

அன்னிக்கு லீவுன்னு நித்யாவும் வந்திருந்தா. குழிக்குள்ள இறங்கி என் பக்கத்துல உக்காந்து, "இது யாருக்கும்மா?"ன்னு தமிழ்ல கேட்டா. "உங்க அம்மாயிக்கு"ன்னேன். மூணு தரம் போட்டேன். அவளும் போட்டா. அந்த ஆஸ்பத்திரி வாசல்ல அழாத அழுகையெல்லாம் அப்பத்தான் வந்துது. சத்தம் போட்டு அழுதேன், தோண்ட வந்த காலேஜ் புள்ளைங்க எல்லாம் வேலையை நிறுத்திட்டு நின்னுதுங்க.

மேல மேடம் நோட்டோட நின்னாங்க. குழி எண் எழுதி, தேதி போட்டு, "பிளாஸ்டிக், காசு, அரிசி"ன்னு எழுதி, "யாருக்காகன்னு போடட்டும்?"னு கேட்டாங்க. எங்கம்மாவுக்குன்னேன். எழுதிக்கிட்டாங்க. அப்புறம் எல்லாருமாச் சேந்து மண்ணைத் தள்ளுனோம்.

அடுத்த வருஷமும் போவேன்மா, முட்டி விட்டாலும் விடாட்டியும். எந்தக் குழியில யாரு பெத்த புள்ளை வந்தாலும் மெதுவாத்தான் எடுப்பேன். மறைச்சு எதையும் செய்ய மாட்டேன். இது உன் தலைமேல கை வெக்காமலே பண்ணுற சத்தியம். இனிமே நீ பசியோட இருக்கியோன்னு நினைச்சு நான் சோத்தைத் தள்ளி வெக்க மாட்டேன், வயிறாரத் தின்னுட்டுத் தூங்குவேன். நீயும் தூங்கு.

உன்கூட மண்ணு சுமந்த உன் மூத்த மக,
சரசு